மாஸ்டர் பிளான், மனை, ஏரி: வளரும் சென்னை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் வீட்டுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது என் தொழில். மனை வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டுக் கையைப் பிசைகிறவர்கள், நலச் சங்கக் கூட்டத்தில் ஓரமாக இழுத்துப் பேசுகிறவர்கள் என எல்லாரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியவை. கோவை, திருப்பூர், ஓசூர்க்காரர்களுக்கு அலுவலகத்தின் பெயர் மாறும், தலைவலி ஒன்றுதான்.

மாஸ்டர் பிளான்னா என்ன சார்? கவர்மென்ட் என்னென்ன கட்டப் போகுதுன்னு லிஸ்ட்டா?

இல்லை. அதில் பெரும்பகுதி அரசு என்ன கட்டும் என்பதைப் பற்றியதே அல்ல, நீங்கள் என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்பதைப் பற்றியது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு உபயோகம் குறித்திருக்கும்: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம், நிறுவனம், திறந்தவெளி என்று. அதோடு பெரிய சாலைகள் எங்கே போக வேண்டும் என்ற கோடுகள், கட்டிட விதிகள். முழுமைத் திட்டம் என்பது அவ்வளவுதான்.

சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1976-இல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில். அதன் காலம் 2026 வரை. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்குமானது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 32 ஆண்டு இடைவெளி. ஊர் அந்த 32 ஆண்டும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் இன்று பார்க்கும் பாதிக் குழப்பம் அந்த இடைவெளியில் முளைத்ததுதான்.

எங்க ஊரு சி.எம்.டி.ஏ-வா, டி.டி.சி.பி-யா? பின்கோடு சென்னைன்னுதான் இருக்கு.

பின்கோடு தபால்காரருக்கு. திட்ட எல்லை வேறு. சி.எம்.டி.ஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பழைய எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். தெற்கே வண்டலூர் அதற்குள், கூடுவாஞ்சேரி வெளியே. வெளியே இருக்கும் ஊர்களை நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி, பார்த்துக்கொண்டது.

2022 அக்டோபரில் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் பெரும்பகுதியும் அரக்கோணம் பக்கமும் உள்ளே வந்தன. எல்லைக் கோடு ஒரே நாளில் மாறும், கோப்புகள் அப்படி மாறுவதில்லை. உங்கள் சர்வே எண்ணுக்கு இப்போது எந்த அலுவலகம் கையெழுத்துப் போடும் என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, வில்லங்கமும் சுத்தம். அப்புறம் எதுக்கு அப்ரூவல்?

பட்டா, நிலம் யாருடையது என்று வருவாய்த் துறை சொல்வது. அப்ரூவல், அந்த நிலத்தை மனையாகப் பிரிக்கலாம், வீடு கட்டலாம் என்று திட்டத் துறை சொல்வது. ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாக ஆகாது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட மனைப்பிரிவை ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று விற்ற காலம் ஒன்று இருந்தது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த ஆண்டு, அப்படிப்பட்ட மனைகளுக்குப் பின்னால் அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. அதற்குப் பிறகு யாராவது வயலில் கல் நட்டு விற்றால், ‘பின்னால ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்’ என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மனை அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் வீட்டு அனுமதி இப்போது எளிது: 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது.

மேப்ல எங்க நிலம் பச்சையா காட்டுது. விவசாய மண்டலமாம். வீடே கட்ட முடியாதா?

நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள், திறந்தவெளிக்கும் பச்சைதான் போடுவார்கள். சர்வே எண்ணைக் கொடுத்து நில உபயோகத்தை எழுத்தில் வாங்குங்கள். விவசாய மண்டலம் என்றால் விவசாயத்தைச் சார்ந்த சில கட்டிடங்கள் தவிர மற்றதற்கு உபயோக மாற்றம் வேண்டும். அதற்கு விண்ணப்பம், செய்தித்தாளில் ஆட்சேபம் கேட்டு விளம்பரம், களப் பார்வை, குழுக் கூட்டம், கடைசியில் அரசிதழ் என்று நீளும். ‘கன்வெர்ஷன் போட்டாச்சு சார், அடுத்த மாசம் வந்துடும்’ என்று சொல்லும் தரகரிடம் அரசிதழ் நகலைக் கேளுங்கள். விண்ணப்ப எண் அனுமதி ஆகாது.

சில இடங்களில் மாற்றம் கேட்பதே வீண். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி குடிநீருக்காகப் பாதுகாக்கப்படுவது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மணற்பாங்கில் நிலத்தடி நீர் ஊறும் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடக்கூடாது என்பதுதான் காரணம்.

எஃப்.எஸ்.ஐ 2-ன்னா ரெண்டு மாடி கட்டலாம்னு அர்த்தமா?

மாடிக் கணக்கு இல்லை, பரப்புக் கணக்கு: மனைப் பரப்பைப் போல் மொத்தம் எத்தனை மடங்கு கட்டலாம் என்பது. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ 2 என்றால் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி. அதை இரண்டு தளமாகப் பரப்பலாம், நான்காக அடுக்கலாம். சுற்றிலும் விட வேண்டிய காலியிடமும் உயரக் கட்டுப்பாடும் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு 1.5 ஆக இருந்ததை 2019 ஒருங்கிணைந்த விதிகள் 2 ஆக்கின.

அப்போ பக்கத்து மனையில மட்டும் எப்படி அண்ணா கூடுதலா எழும்புது? அவங்களுக்குத் தனிச் சட்டமா?

அவர் மனை எந்த ரோட்டைப் பார்த்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ வாங்க முடியும். ரோடு 9 மீட்டரிலிருந்து 12-க்குள் என்றால் 30 சதவீதம், 12-இலிருந்து 18-க்குள் 40, 18-க்கு மேல் 50. அவருக்கு முன்பக்கம் 40 அடி ரோடு, உங்களுக்குப் பின்பக்கம் 23 அடி ரோடு என்றால் ஒரே சர்வே எண்ணில் இருந்தாலும் கணக்கு வேறு.

18.30 மீட்டருக்கு மேல் போனால் அது அடுக்குமாடி உயரக் கட்டிடம், அதற்குத் தனி விதி. இதெல்லாம் பொருந்தாமலும் எழும்புகிறது என்றால் அனுமதி வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 1999-க்கு முன்பும் பிறகு 2007-க்கு முன்பும் கட்டிய விதிமீறல்களை வரன்முறைப்படுத்தத் தனிப் பிரிவுகளையே சட்டத்தில் சேர்த்தார்கள். அந்தப் பழக்கம்தான் ‘கட்டிடு, பின்னாடி பார்த்துக்கலாம்’ என்ற தைரியத்தைக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

மனை வித்தப்போ பார்க்னு காட்டின இடத்துல இப்ப மூணு கார் நிக்குது. யாரைக் கேக்கிறது?

மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலம் தர முடியாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 3,000-க்குக் கீழே ஒன்றும் தர வேண்டாம். 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். எங்கள் பக்கம் சில புரமோட்டர்கள் ஏன் 70 சென்ட், 70 சென்ட்டாகத் துண்டு போட்டு ‘ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு’ என்று விற்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அந்த இடம் உள்ளாட்சியின் சொத்து. சங்கத்தின் பெயரில் பத்திர எண்ணோடு மனு கொடுங்கள். நடைமுறையில் நான் பார்க்கும் பூங்காக்கள் மனைப்பிரிவிலேயே விற்காத முக்கோண மூலையில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில்தான் இருக்கின்றன. விதி பரப்பைத்தான் கேட்கிறது, குழந்தை ஓடி விளையாட முடியுமா என்று கேட்பதில்லை.

ஏரியில வீடு கட்டினதாலதான் வெள்ளம்னு சொல்றாங்க. பிளான் போட்டவங்களுக்கு அங்க ஏரி இருந்தது தெரியாதா?

தெரியும். சில இடங்களில் திட்டமே ஏரியைத் தூர்ப்பதுதான். 1920-இல் வந்த நகரமைப்புச் சட்டத்தின் கீழ், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்ற வைத்து தியாகராய நகரை அமைத்தார்கள். அகலச் சாலை, நடுவே பனகல் பூங்கா, மனைக்கு மனை இடைவெளி என்று அந்தக் காலத்து நல்ல திட்டமிடலுக்கு அதையே உதாரணம் காட்டுவார்கள். பிறகு நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் வந்தது. ஆக்கிரமிப்பாளர் மேல் மட்டும் பழி போடுவது பாதி உண்மைதான்.

இன்று ஏரியை வரைபடத்தில் நீலமாகக் காட்டிக் காப்பாற்றிவிடுகிறார்கள், ஏரி வேலை செய்யும் விதத்தைக் காப்பாற்றுவதில்லை. எங்கள் பக்கத்து ஏரிகள் சங்கிலித் தொடர். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து, உபரிநீர்க் கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்குப் போகும். ஆதனூர் ஏரியிலிருந்து அடையாறு கிளம்புவது அப்படித்தான். ஏரிக்குக் கீழே பாசனம் பெற்ற வயல்கள் ஆயக்கட்டு. வயல் இருந்தவரை ஒரு வாரம் தண்ணீர் நின்றாலும் யாருக்கும் வெள்ளம் இல்லை. ஆயக்கட்டைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றி, கால்வாயை நான்கடி சிமென்ட் வடிகாலாகச் சுருக்கிவிட்டு, ஏரி மட்டும் நீலமாக இருந்து என்ன பயன்?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததை எல்லாரும் பேசினார்கள். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கம் தண்ணீர் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் வந்தது தாம்பரத்துக்குத் தெற்கே, மேற்கே உள்ள ஏரிகள் வழிந்த தண்ணீர். தென்சென்னையின் ஏரித் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பை மேடு, சாலை, கட்டிடம் என்று எல்லாப் பக்கமும் கரைந்து போனபிறகு 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அப்போது கணக்கில் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர்.

நான் வாங்கப் போற மனை அப்படி மாட்டுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று தாள் எடுங்கள்: புலப்படம் (சர்வே எண்ணின் அளவுப் படம்), அ-பதிவேடு (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு), கிராம வரைபடம். புலப்படத்தில் எல்லைக் கோடு ஒற்றையாக வந்து ஓரிடத்தில் இரட்டைக் கோடாகப் பிரிந்து ஓடினால் அது வாய்க்காலாகவோ வண்டிப் பாதையாகவோ இருக்கும். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பாருங்கள், ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று போட்டிருந்தால் விற்பவர் அதை இப்போது ரோடாகக் காட்டுகிறாரா என்று தரையில் போய்ப் பாருங்கள். கிராம வரைபடத்தில் ஏரிக்கரைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், கலங்கல் எங்கே என்று பார்க்க வேண்டும். நன்செய் என்று பதிவாகியிருந்தால் அது தண்ணீர் தேடி வரும் நிலம்.

பிறகு தெருமுனை டீக்கடையில் 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். மனை விற்பவரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். ரோட்டை விட மனை தாழ்வாக இருந்தால், அடுத்த முறை ரோடு போடும்போது இன்னும் தாழும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது உத்தரவு, எங்கள் தெருவில் அது இன்னும் வந்து சேரவில்லை.

எங்க நிலத்துக்கு நடுவுல ரோடு வரும்னு பிளான்ல கோடு போட்டுட்டாங்க. எடுக்கவும் மாட்டேங்கறாங்க, விடவும் மாட்டேங்கறாங்க.

1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் படியுங்கள். பொதுத் தேவைக்கென்று ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை இல்லாவிட்டால், ஒதுக்கீடு விலகியதாகவே கொள்ளப்படும். இதைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் நிவாரணம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சட்டப்படி விலகியது வரைபடத்திலிருந்து தானாக அழியாது. வழக்கறிஞரிடம் போவதற்கு முன் குழுமத்துக்கு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிலத்தை மொத்தமா பிடுங்காம ரோடு போட வழியே இல்லையா தம்பி?

இருக்கிறது, அகமதாபாத்தில் செய்கிறார்கள். ஒரு பகுதியின் நிலங்களையெல்லாம் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அதே உரிமையாளர்களுக்குத் திருப்பித் தருவது. நிலம் குறையும், மதிப்பு கூடும். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைவதால் ‘என் நிலம் மட்டும் போச்சு’ என்ற அழுகை இல்லை. 76 கிலோமீட்டர் சர்தார் படேல் சுற்றுச்சாலைக்குப் பெரும்பாலும் இப்படித்தான் நிலம் கிடைத்தது.

ஆந்திராவின் புதுத் தலைநகர் அமராவதிக்கு 2015-இல் இதே மாதிரி விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். 2019-இல் ஆட்சி மாறியதும் வேலை நின்று, கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் ‘நிலத் திரட்டு’ எனப்படும் இந்த முறைக்கு 2020-இல் விதிகள் வந்துவிட்டன. வெளிவட்டச் சாலையோரம் இதைச் செய்யாவிட்டால் வேறெங்கே செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. 62 கிலோமீட்டர் நீளத்துக்கு 122 மீட்டர் அகலம் எடுத்து முதன்மைச் சாலை போட்டாயிற்று. அதிலிருந்து பிரியும் உட்சாலைகள் இன்னும் வண்டிப் பாதைகள்தான்.

முதல்ல வீடு வருது, அப்புறம் ரோடு, அப்புறம் தண்ணி, கடைசியா பாதாளச் சாக்கடை. தலைகீழா இருக்கே?

ஏனென்றால் திட்டம் போடுகிறவர் ஒருவர், காசு வைத்திருப்பவர் வேறொருவர். குழுமம் கோடு போடும். சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, ஏரி நீர்வளத் துறைக்கு, குடிநீர் வாரியத்துக்குக் குழாய், தெருவடிகால் உள்ளாட்சிக்கு. கட்டிட அனுமதி மட்டும் எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கட்டிடங்கள் எழுந்து பல வருடம் வரை தண்ணீர் லாரியில் வந்தது, கழிவும் லாரியில் போனது.

ஒழுங்காக நடந்ததும் உண்டு. கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையின் நெரிசலைப் பிரிக்க முதல் முழுமைத் திட்டம் சொன்னபடி கோயம்பேட்டில் சுமார் 295 ஏக்கர் எடுத்து, 1996-இல் சந்தையை மாற்றினார்கள். 2002-இல் பக்கத்திலேயே பேருந்து நிலையம். 20 ஆண்டு ஆனாலும் நிலம் கையில் இருந்ததால் வேலை நடந்தது. ஆனால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தபோது ரயில் தண்டவாளம் கண்ணெதிரே ஓடியது, நின்று ஏற ரயில் நிலையம் இல்லை. பெட்டியோடும் குழந்தையோடும் வருகிறவர்கள் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் அலைந்தார்கள்.

துணைநகரம் வருதாமே, இப்பவே ஒரு மனை போட்டு வெச்சா லாபமா?

மறைமலை நகர் முதல் திட்டத்தின் துணைநகரம். மக்கள் உடனே வந்து குவியவில்லை. 1990-களில் கார் தொழிற்சாலையும் அதைத் தொடர்ந்த உதிரிபாகக் கம்பெனிகளும் வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. இப்போது திருமழிசை, மீஞ்சூர், மாமல்லபுரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று புதுநகரத் திட்டங்கள் பேசப்படுகின்றன. அறிவிப்பை நம்பி வாங்கினால் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வேலை எங்கே வருகிறது என்று பாருங்கள், வரவேற்பு வளைவு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள்.

சிங்கப்பூர் மாதிரி நம்மால ஏன் முடியல?

அங்கே 1966-இல் வந்த நிலம் கையகச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான நிலம் அரசின் கைக்குப் போனது. மக்களில் ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். துறைகள் அங்கேயும் தனித்தனிதான், ஆனால் மத்திய, மாநில, உள்ளாட்சி என்ற பிரிவு இல்லை, ஒரே அரசு. அந்த அளவுக்கு நிலத்தை அரசிடம் ஒப்படைக்க நீங்கள் தயாரா என்று திருப்பிக் கேட்டால் கேட்டவர் பேச்சை மாற்றுகிறார்.

குடிசையில இருக்கறவங்களுக்கு இந்த பிளான்ல எங்க சார் இடம்?

ஊருக்கு வெளியே. 2000-இல் தொடங்கிய கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரையிலிருந்து எடுத்தவர்களை அங்கே கொண்டுபோய்க் குடி வைத்தார்கள். வெள்ள அபாயத்திலிருந்து மீட்டதாகச் சொல்லி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் விட்டதை எப்படி நியாயப்படுத்துவது? வீடு கான்கிரீட் ஆனது சரி. வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற பெண்ணுக்கு வேலை இருப்பது மயிலாப்பூரில், ஆழ்வார்பேட்டையில். ஒரு பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கூலி போச்சு.

10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சிறு மனைகளாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சிறு மனைகளில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒருவரே வாங்கி ஒரே வீடாகக் கட்ட வரைபடம் கேட்டு என்னிடமே வருகிறார்கள். முடியாது என்று அனுப்பிவிடுவேன், வேறு யாராவது போட்டுக் கொடுப்பார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர் வருகிறது. நிலையங்களைச் சுற்றிக் கூடுதல் உயரம் அனுமதிக்கும்போது அதில் ஒரு பங்கைச் சிறு வீடுகளுக்கென்று கட்டாயமாக்குவதுதான் எனக்குத் தெரிந்த நடக்கக்கூடிய வழி.

மூணாவது மாஸ்டர் பிளான் வரைவு வந்தா எங்களை மாதிரி ஆளுங்க என்ன செய்யறது? நாம எழுதினா படிப்பாங்களா?

வரைவு வெளியிட்டு ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்பது சட்டக் கட்டாயம். அந்தச் சில வாரங்கள்தான் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும் காலம். இறுதியான பிறகு ஒரு சர்வே எண்ணை மாற்ற எவ்வளவு அலைய வேண்டும் என்று பச்சை நிறக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

‘எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் கோப்பில் தூங்கும். கிராமத்தின் பெயர், சர்வே எண், வரைவில் என்ன உபயோகம் காட்டியிருக்கிறது, தரையில் என்ன இருக்கிறது, என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கால்வாய் விடுபட்டிருந்தால் புலப்பட நகலில் சிவப்பு மையால் அதைக் குறித்து, தண்ணீர் நின்ற படத்தைத் தேதியோடு இணையுங்கள். ஐம்பது பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை விட, ஐம்பது வீட்டிலிருந்து தனித்தனி சர்வே எண்ணோடு போகும் மனுக்கள் மேல். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனுவில் கேட்க அந்த எண் வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.